பதினோரு மணிக்குப் பெயர் சொல்ல வேண்டும்

வலது காலில் இடது செருப்பும் இடது காலில் வலது செருப்புமாகத்தான் ஆதிரை வருவாள் என்பது காலை எட்டே முக்காலுக்கே முடிவாகிவிட்டது. திருமூர்த்தி குனிந்து மாற்றிப் போட்டான். அவள் தரையில் உட்கார்ந்து பொறுமையாகத் திரும்ப மாற்றிக்கொண்டாள். மூன்றாம் முறை அவன் குனிந்தபோது காரணத்தைச் சொன்னாள். செருப்பு ரெண்டும் நேற்று சண்டை போட்டுக்கொண்டனவாம், ஒன்றின் மூஞ்சியில் ஒன்று முழிக்காதாம், அதனால்தான் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கின்றனவாம். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்த அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் முறைப்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவள் வார்த்தை நின்றதை எண்ணியும் விட்டான். செ, செ, செ, செருப்பு. மூன்று. நேற்றுச் சாயங்காலம் ‘பந்து’ என்பதில் நான்கு. முந்தாநாள் ஒன்றுகூட இல்லை, முந்தாநாள் முழுக்க அவன் விசிலடித்துக்கொண்டே திரிந்தான். எண்ணக் கூடாது என்று தினமும் காலையில் முடிவெடுக்கிறான், பல் விளக்குவதற்குள் எண்ண ஆரம்பித்துவிடுகிறான். பழக்கதோஷம். பம்பு கம்பெனியில் அவன் வேலையே அதுதான், ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் நின்று சத்தத்தில் எங்கே தட்டுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. நல்ல மோட்டாருக்குச் சத்தமே தெரியாது, தேன் ஊற்றின மாதிரி ஓடும். தட்டுகிற மோட்டாரை ஓரமாகத் தள்ளி வைத்து அட்டை மாட்டிவிடுவார்கள். குழந்தையை மோட்டாரோடு சேர்த்து நினைத்ததற்காக உடனே தன்மேல் கோபம் வந்தது. செருப்பு அப்படியே இருக்கட்டும் சாமி என்று சொல்லிவிட்டு எழுந்தான். ஜெயித்தவள் நடந்து காட்டினாள், வாத்து மாதிரி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். எல்.கே.ஜி. சேர்க்கை. பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டார்களாம், பேர் கேட்பார்கள், ஒன்று இரண்டு சொல்லச் சொல்வார்கள், அப்பா அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள், அவ்வளவுதான் என்று கோகிலவாணி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சனிக்கிழமை காலைதான் கூட்டம். வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்கிற ஊரை விட்டுவிட்டு வர முடியாது. ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள். போகும்போது, ஏனுங்க, நீங்க இருக்கீங்கல்ல, போதும், என்றாள். அவன் இருப்பதுதான் பிரச்சினை என்று அவளுக்கு யார் சொல்வது. பேர் கேட்பார்கள். இந்த இரண்டு வார்த்தையை அவள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். முப்பத்து நான்கு வயதில் திருமூர்த்தி பயப்படுகிற கேள்வி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது உங்க பேர் என்ன என்பது. மற்ற எந்தக் கேள்விக்கும் வார்த்தையை மாற்றிக்கொள்ளலாம். ‘க’ வராது, ‘த’ வராது. வராது என்றால் அடியோடு வராமல் இல்லை, கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும், தாழ்ப்பாள் திறக்காது, அவ்வளவுதான். அதனால் காப்பிப் பிரியனான அவன் வெளியில் டீதான் கேட்பான். தண்ணீர்ப்பந்தலில் இறங்க வேண்டியவன் விளாங்குறிச்சி வரைக்கும் டிக்கெட் எடுத்துத் திரும்ப நடந்து வருவான். கோகிலாவை வாணி என்று கூப்பிடுவான். அதைச் செல்லம் என்று நினைத்து அவள் சொந்தமெல்லாம் பூரித்துப்போயிருக்கிறது. ஆனால் பேருக்கு மாற்று ஏது. ஆறு வருடத்துக்கு முன்னால் தெருமுனைப் பேக்கரிக்காரர் பேர் கேட்டபோது, ‘தி’ கதவுக்குப் பின்னால் நின்றுவிட, வாயில் வந்ததை எடுத்து ரவி என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்தப் பேக்கரியில் அவன் ரவி அண்ணன். கல்யாணமான புதிதில் ஒருநாள் கோகிலா கூட வந்தபோது அவர், ரவியண்ணா, அண்ணிக்கு என்ன வேணும், என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வேற எங்கெல்லாம் வேற யாரா இருக்கீங்க, என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வலியே இல்லை. அப்படிச் சிரிக்கத் தெரிந்தவளிடம்கூட இந்த இரண்டு வாரத்து விஷயத்தை அவன் சொல்லவில்லை.

தோசையைச் சுட்டுப் போட்டான். ஆதிரை தோசையை நடுவிலிருந்துதான் சாப்பிடுவாள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் அது சின்னதாகிக்கொண்டே போவது அதற்கே தெரிந்துவிடுமாம், அழுமாம். நடுவில் எடுத்தால் தெரியாதாம். நடுவில் ஓட்டை போட்டுத் தின்று, மிஞ்சிய வளையத்தைத் தூக்கி அதன் வழியாக அவனைப் பார்த்து, அப்பா நீ டிவியில வர்றே, என்றாள். டிவியில் வருகிறவர் ஏதாவது பேச வேண்டுமே. அவன் கரண்டியை வாய்க்கு நேராகப் பிடித்து, வணக்கம், ஆதிரை வீட்டுச் சட்னியில் இன்று உப்பு லேசாகக் கூடியிருப்பதாகச் செய்திகள் வருகின்றன என்று வாசித்தான். ஒரு தடங்கல் இல்லை. வழவழவென்று ஓடியது. அவளிடம் பேசும்போது மட்டும் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அது எப்படி என்று அவனுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பிறந்த மூன்றாம் நாள், மஞ்சள் காமாலைக்கு விளக்கு வெளிச்சத்தில் படுக்கவைத்திருந்தபோது, கண்ணில் துணி கட்டிக் கிடந்த அந்தச் சிவந்த பொட்டலத்திடம் குனிந்து, கண்ணு, தங்கம், கோமேதகமே, குட்டியம்மா என்று அடுக்கிக்கொண்டே போனவன், அத்தனையும் ‘க’வும் ‘த’வுமாகத் தன் வாயிலிருந்து கொட்டுவதைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு நிமிர்ந்தான். பக்கத்தில் யாராவது பேசுகிறார்களோ என்று பார்த்தான். யாரும் இல்லை. அவன்தான். அன்றிலிருந்து மூன்று வருடமும் ஒன்பது மாதமும் அவளிடம் பேசினதுதான் அவன் வாழ்நாளில் பேசின பேச்சு. அதற்கு முன்னால் பேசினதெல்லாம் பேரம். அவளுக்குப் பேர் வைக்கும்போதுகூட, ஜாதகத்தில் அப்படி இருக்கிறது, நட்சத்திரம் இப்படி இருக்கிறது என்று என்னென்னவோ சொல்லி, உயிரெழுத்தில் ஆரம்பிக்கிற பேர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். உயிரெழுத்துக்குக் கதவே இல்லை, வாயைத் திறந்தால் போதும், ஆ என்று வந்துவிடும். தெருவில் கூப்பிட வேண்டுமே, விழப்போகிறாள் என்றால் கத்த வேண்டுமே. தகப்பனுக்குப் பிள்ளை பேர் வாயில் வர வேண்டும். இந்தக் காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த பேரைத்தான் அவள் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, பால்காரர் பேர் கேட்டபோது, ஆ, ஆ, ஆ, ஆதிரை என்று சொன்னாள். பால்காரர் கவனிக்கவேயில்லை. திருமூர்த்தி மட்டும் பால் தூக்குப்போசியை மூட மறந்து உள்ளே வந்தான். மத்தியானம் கம்பெனியில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு போனில் தேடினான். மூன்று நான்கு வயதில் நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான், பெரும்பாலும் தானே போய்விடும் என்று முதலில் போட்டிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். விரலால் இன்னும் தள்ளினான். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் என்று ஒரு வரி ஆரம்பித்தது. அதற்குமேல் படிக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது. அந்த யாராவது சட்டை பாக்கெட்டில் பேனாவோடு கேண்டீனில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வராந்தாவில் பையன்கள் அவன் பின்னால் தி தி தி தி என்று ரயில் விட்டுக்கொண்டு வந்தது காதில் கேட்டது. ஆதிரைக்குப் பின்னால் ரயில் வருமா. ஆ ஆ ஆ என்று எப்படி விடுவார்கள், அழுவது மாதிரியா, கொட்டாவி மாதிரியா. நினைப்பு அங்கேயே சுற்றிச்சுற்றி வந்தது, ஊசி மாட்டிக்கொண்ட இசைத்தட்டு மாதிரி. நினைப்புக்கும் திக்கும் போலிருக்கிறது. அன்றைக்கு ஒரு முடிவெடுத்தான். அவள் காதில் தன் பேச்சு அதிகம் விழக்கூடாது. தன்னிடமிருந்து தொற்றியதுதான் என்றால் தொற்றுவதை நிறுத்துவோம். அவளிடம் அவன் திக்கியதே இல்லை என்பது ஞாபகம் வந்தது. ஆனாலும் பால்காரரிடம் பேசும்போது அவள் பக்கத்தில்தான் நின்றாள், வாட்ச்மேனிடம் பேசும்போது, பேக்கரியில், பஸ்ஸில். பார்த்திருப்பாள். இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு பார்க்காமலா இருப்பாள். அன்றிலிருந்து கதையைக் குறைத்தான். குளிக்கும்போது ஒரு கதை, சாப்பிடும்போது ஒரு கதை, தூங்க இரண்டு கதை என்று இருந்த வீட்டில் பாட்டுப் பெட்டி ஓட ஆரம்பித்தது.

தலை பின்ன உட்கார்ந்தபோது அவள் அதைத்தான் கேட்டாள். அவன் முட்டிக்கால் இரண்டுக்கும் நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையில் ரிப்பனின் நுனியைப் பிடித்து அதற்கு ரவிக்கை தைக்கிறவள் மாதிரி அளவெடுத்துக்கொண்டே, அப்பா, உனக்குக் கதை எல்லாம் தீந்து போச்சா, என்று கேட்டாள். சீப்பு நடுவகிட்டில் நின்றுவிட்டது. குழந்தையின் தலையில் தேங்காயெண்ணெயும் தூக்கமும் கலந்த வாசம், அதற்கடியில் என்னவோ சுடுமணல் மாதிரி ஒரு வாசம், அவன் அதை ஆழமாக இழுத்தான். தீரவில்லை என்று சொன்னால் அப்போ சொல்லு என்பாள், தீர்ந்தது என்று சொன்னால் பொய். அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவளே அவனைச் சமாதானப்படுத்தினாள். தீந்தாப் பரவால்லை, அம்மாகிட்டச் சொன்னா கடையில வாங்கிட்டு வருவாங்க, ஒரு கிலோ. ஒரு கிலோ கதை. என்ன கதை வேண்டும் என்றான் அவன். யோசித்து, எலும்பு இல்லாதது, என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு அவன் தோளில் உட்கார்ந்து வந்தவள்தானே. அவன் சிரித்த சிரிப்பில் வகிடு கோணலாகிவிட்டது. கோணல் வகிட்டோடு இரண்டு குடுமி போட்டான். ஒன்று வானத்தைப் பார்த்தது, இன்னொன்று பக்கத்து வீட்டைப் பார்த்தது. கோகிலா கட்டினால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அவள் எடுத்து வைத்திருந்த நீலக் கவுனோடு ஆதிரை மழைக்கோட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டாள், மழை இல்லை என்று சொன்னபோது, தொப்பிக்குத் தெரியாதுல்ல, என்றாள். உண்மைதான். தொப்பிக்கு எப்படித் தெரியும்.

ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு, கண்ணாடிக் கம்பி இரண்டையும் பிடித்தபடி, அவள்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். லாரிக்கு டாட்டா சொன்னாள், சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்த மாட்டுக்கு மெதுவா சாப்பிடு என்றாள், வேகத்தடை வரும்போதெல்லாம் வயிறு ஜிவ்வென்று ஏறுவதற்காக முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கினாள். அவள் உச்சந்தலை அவன் தாடைக்குக் கீழே இடித்துக்கொண்டே வந்தது, ரிப்பன் காற்றில் பறந்து அவன் மூக்கைக் குடைந்தது. இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு மனுஷன் பயந்துகொண்டும் இருக்க முடியுமா என்றால் முடிகிறது. தி, திரு, திருமூர்த்தி. ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். வந்தது. தனியாக இருந்தால் வரும், எந்த நாளும் வரும், குளியலறையில் மகாராஜா மாதிரி வரும். என் பெயர் திருமூர்த்தி. ‘என்’னில் ஆரம்பித்து ஓட்டத்தில் போனால் சறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம், ஆனால் எதிராளி பேருங்க என்று மட்டும் கேட்டால் மொட்டையாகச் சொல்ல வேண்டியிருக்கும். நான்தானுங்க அப்பா என்று ஆரம்பிக்கலாமா. இல்லாவிட்டால் படிவத்தைக் காட்டி, இதுல இருக்குதுங்க என்று சொல்லிவிடலாம். படிவம் கோகிலா எழுதியது, முத்து முத்தாக இருக்கும், படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும். ஆனால் குழந்தை சொல்லும்போது திக்கினால், அப்பனும் திக்கினால், ஓ என்று அவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்த ஓ அவனுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். இரக்கமாகத்தான் இருக்கும். அந்த இரக்கம் ஆதிரை மேல் விழுவதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்பா, ஒ, ஒ, ஒட்டகம், என்றாள் அவள். எங்கே என்று திடுக்கிட்டுப் பார்த்தான். சாக்குமூட்டை ஏற்றிக் குனிந்து போய்க்கொண்டிருந்த ஒரு சைக்கிள்காரர். இரண்டு என்று எண்ணிவிட்டு, பிறகு அது ஒட்டகம்தான் என்று ஒப்புக்கொண்டான்.

பள்ளிக்கூட வராந்தாவில் நீளப் பெஞ்சு போட்டிருந்தது. ஏற்கனவே நான்கு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு அம்மா தன் மகனுக்குக் கடைசி நேரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஏ ஃபார் ஆப்பிளிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தான், தேன் ஊற்றின மாதிரி, ஒரு தட்டல் இல்லை. ஆதிரை அவன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவன் மூச்சு வாங்க நின்ற இடத்தில், உனக்கு மூக்கு ஒழுகுது, என்று தகவல் சொன்னாள். பிறகு இறங்கிப் போய்த் தூணைக் கட்டிப்பிடித்து, தூண் குண்டாக இருப்பதால் கை எட்டவில்லை என்று திரும்பி வந்து அவனையும் கூப்பிட்டாள், இரண்டு பேரும் சேர்ந்து கட்டினால் எட்டும் என்று. நாலு குடும்பம் பார்க்க, பம்பு கம்பெனி இன்ஸ்பெக்டர் எழுந்து போய்த் தூணைக் கட்டிக்கொண்டான். தூண் குளிர்ச்சியாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவள் விரல்கள் வந்து அவன் விரல்களைத் தொட்டன. எட்டிருச்சு, என்றாள், கண்ணுக்குத் தெரியாமல். அந்த ஒரு நிமிஷம் அவன் எதையும் எண்ணவில்லை. அப்புறம் உள்ளேயிருந்து ஆயாம்மா வந்து, ஆதிரை யாருங்க, உள்ள வரச் சொன்னாங்க, என்றார்.

பெரிய மிஸ் என்று எல்லோரும் சொன்ன தலைமையாசிரியை ஐம்பது வயசுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை மேஜைமேல் தேடிக்கொண்டிருந்தார். தலையில இருக்குது, என்றாள் ஆதிரை, குட்மார்னிங் சொல்லுவதற்குப் பதிலாக. அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை இறக்கி, மழைக்கோட்டுத் தொப்பியைப் பார்த்தார், கோணல் குடுமிகளைப் பார்த்தார், ஆடுகிற காலில் எதிரெதிர்ப் பக்கம் திரும்பியிருந்த செருப்புகளைப் பார்த்தார், எதையும் கேட்கவில்லை. பேர் என்ன கண்ணு என்றார். திருமூர்த்தி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நா, நா, நா, நான் ஆதிரை, என்றாள் அவள், ஏதோ ஓடிவந்து வாசற்படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு உள்ளே வருகிறவள் மாதிரி, தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைக் கண்ணில் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். மூன்று. அவன் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தான், அந்த ஓ வருகிறதா என்று. வரவில்லை. வரும், இப்போது வரும். எண்ணத் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்று தலையாட்டிவிட்டு ஆதிரை விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள், ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஏழு.

“நாலு எங்க கண்ணு?”

“நாலு ஊருக்குப் போயிருச்சு.”

“அடடா. எப்ப வரும்?”

ஆதிரை அதை யோசித்தாள். “திங்கக்கெழம வரும். லீவு போட்டிருக்குது.”

தலைமையாசிரியை பேனாவை எடுத்து நிஜமாகவே என்னவோ குறித்துக்கொண்டார், நாலு திங்கட்கிழமை வருவதைத்தான் குறித்திருப்பார் என்று திருமூர்த்திக்குத் தோன்றியது, தொண்டைக்குள் சிரிப்பு முட்டியது, அந்தச் சிரிப்போடேயே, எந்தத் தயாரிப்பும் இல்லாத அந்த நேரத்தில், அவர் அவன் பக்கம் திரும்பி, உங்க பேருங்க சார், என்று கேட்டுவிட்டார். மொட்டையாக. படிவம் மேஜைமேல் குப்புறக் கிடந்தது. அவன் வாயைத் திறந்தான். நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. தாழ்ப்பாள். அவனுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும், ஒவ்வொரு செங்கலும் தெரியும், கழுத்து நரம்பு இறுகும், இடது கண் தானாக மூடும், காதில் ரயில் வரும், எதிராளி ஒரு பேரை எடுத்து நீட்டுவார், திருமலையா, திருநாவுக்கரசா, குருட்டுப் பிச்சைக்காரனுக்குச் சில்லறை போடுகிற மாதிரி. விநாடிகள் போயின. சுவரில் மின்விசிறி தலையைத் திருப்பிப் பார்த்தது. ரவி வந்து நின்றான். நாக்கு நுனியில், தலை வாரி, சட்டை இஸ்திரி போட்டு, எப்போதும் போல உதவிக்குத் தயாராக. ரவி என்று சொல்லிவிட்டால் முடிந்தது, படிவத்தில் இருப்பதை வீட்டுப் பேர் வேறு என்று சமாளித்துக்கொள்ளலாம். சொல்லியிருப்பான். ஆனால் ஆதிரை பேப்பர் வெயிட்டைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பேர் திருமூர்த்தி என்று அவளுக்குத் தெரியும். பயமோ வெட்கமோ எதுவும் இல்லாத பார்வை. அடுப்பில் பால் பொங்கி வருவதைப் பார்க்கிற மாதிரி, வரப்போவதைப் பார்க்கிற பார்வை. இந்த வாயை அவள் எத்தனையோ தடவை இப்படிப் பார்த்திருக்கிறாள் என்பது அந்த நொடியில் அவனுக்கு உறைத்தது, பால்காரர் முன்னால், வாட்ச்மேன் முன்னால், பஸ்ஸில், ஒவ்வொரு தடவையும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்திருக்கிறாள். தலைமையாசிரியை உதவிக்காகப் படிவத்தைத் திருப்பப் போனார். ஆதிரை எட்டி அந்தப் படிவத்தின்மேல் தன் கையை வைத்தாள்.

“இருங்க மிஸ். எங்கப்பாவுக்குப் பேரு உள்ளிருந்து வந்துட்டே இருக்குது.”

தலைமையாசிரியை கையை எடுத்துக்கொண்டார். பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மூன்று பேரும் காத்திருந்தார்கள், திருமூர்த்தியும்கூட. தன் பேருக்காகத் தானே காத்திருப்பது அவனுக்குப் புதிதாக இருந்தது. இத்தனை வருடமும் அவன் அந்தக் கதவில் மோதிக்கொண்டுதான் இருந்தான், வெளியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவசரம் யாருக்கும் இல்லை. வராந்தாவில் அந்தப் பையன் மறுபடி ஏ ஃபார் ஆப்பிளில் இருந்து ஆரம்பித்திருந்தான். தி, என்றது வாய். தி, தி, தி. பிறகு முழுசாக, கொஞ்சம் சத்தமாகவே, திருமூர்த்தி. வந்துருச்சு, என்று ஆதிரை தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு, வேலை முடிந்தவளாகப் பேப்பர் வெயிட்டுக்குத் திரும்பினாள். அவனுக்கு என்ன தோன்றியதோ, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னான். நின்று நின்று, ‘க’விலும் ‘த’விலும் உட்கார்ந்து எழுந்து, தனக்குச் சின்ன வயதிலிருந்து இப்படித்தான் என்றும், குழந்தைக்கும் இரண்டு வாரமாக வார்த்தை நின்று நின்று வருகிறது என்றும், தன்னிடமிருந்துதான் வந்ததோ என்று பயமாக இருக்கிறது என்றும், பள்ளிக்கூடத்தில் யாரும் அவளைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்றும் சொல்லி முடித்தான். வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாததை. சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ. தலைமையாசிரியை நடுவில் ஒரு வார்த்தையைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

“பாத்துக்கறோம் சார்,” என்றார் கடைசியில். “கொஞ்ச நாள் போகட்டும், அப்பறமும் இருந்துச்சுன்னா டாக்டர்கிட்டக் காட்டிக்கலாம். எங்ககிட்ட நேரம் இருக்குதுங்க.”

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வேட்டி நனைய வயலில் வேலை செய்துவிட்டு வரப்பில் ஏறினவன் மாதிரி அவனுக்கு உடம்பெல்லாம் அசதியாகவும் லேசாகவும் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேறொன்றும் நடந்துவிடவில்லை, குழந்தைக்கு இடம் கிடைத்துவிட்டது, ஜூன் மாதம் வரச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். அவள் பேச்சு நாளைக்கே சரியாகிவிடும் என்று யாரும் அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம். அந்த ஆகாமலும் இருக்கலாம் என்பதை மனசுக்குள் மெல்லத் தொட்டுப் பார்த்தான், சுடுகிறதா என்று. சுட்டது, ஆனால் கையை உதறுகிற அளவுக்கு இல்லை. கோகிலாவுக்குப் போன் செய்து இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். வேற எங்கெல்லாம் என்னத்தையெல்லாம் மறைச்சு வெச்சிருக்கீங்க என்று கேட்பாள். கேட்கட்டும். வண்டியைக் கிளப்பினான். ஆதிரை முன்னால் ஏறி நின்று கண்ணாடிக் கம்பியைப் பிடித்தாள். பள்ளிக்கூட மதில் முடிகிற இடத்தில் அவள் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அப்பா, நா, நா, நா, என்றாள். எந்த நாளும் போல அவன் மனசு முந்திக்கொண்டு ஓடியது, நாயா, நாவல்பழமா, நானா, நாலு திரும்பி வந்துவிட்டதா. ஒன்றையும் எடுத்து நீட்டவில்லை. வண்டியை ஓரம் கட்டி, ஒரு புங்கமர நிழலில் காலை ஊன்றி, இன்ஜினை அணைத்தான். பின்னால் வந்த ஆட்டோ விலகிப் போயிற்று. நா, நா, என்று அவள் திரும்பி, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். அவன் அந்தச் சின்ன வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். கீழ்வரிசையில் ஒரு பல்லில் தோசைத் துணுக்கு ஒட்டியிருந்தது. என்ன வரப்போகிறதோ. எவ்வளவு நல்ல வேலை இது, இப்படி நிழலில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை வருவதற்காகக் காத்திருப்பது.

“நாளைக்கும் இந்த ஸ்கூலுக்கு உன்னையக் கூட்டிட்டு வரட்டுமாப்பா?” என்றாள் ஆதிரை. “நீ நல்லாச் சொன்னே.”

கூட்டிட்டு வா சாமி என்று சொல்ல வாயெடுத்தான். கூ, என்றது. கூ, கூ. அவளிடம், அவளுக்கு நேராக, மூன்று வருடம் ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு வார்த்தை நின்றது. அவள் பொத்தானை விடவில்லை. அண்ணாந்து, ரிப்பன் காற்றில் ஆட, அவன் வாயைப் பார்த்தபடி இருந்தாள். அவனும் அவசரப்படவில்லை.